நடப்பது மட்டும் போதாது: வயதான கால்களுக்கு வீட்டிலேயே பயிற்சி

தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிற எழுபது வயதுக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களில் பலர் நாற்காலியை விட்டு எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார்கள். பேருந்தில் ஏற வேண்டுமென்றால் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது. வாசல்படியில் கால் இடறினால், அடுத்த காலைச் சட்டென்று எடுத்து வைத்துச் சமாளிக்க முடிவதில்லை. நடை நல்லதுதான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசை தன் முழு பலத்தையும் காட்ட வேண்டிய அவசியம் வருவதில்லை. தள்ளாடி நிலைகொள்ளும் பழக்கமும் அதில் கிடைக்காது. விழாமல் இருப்பதற்கு வேண்டியவை இந்த இரண்டும்தான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2019-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 108 ஆய்வுகளில் பங்கேற்ற 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 23 சதவீதம், குறைந்திருந்தது. முக்கியமாகப் பலன் தந்தவை சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது போன்ற அன்றாட அசைவுகளையே பயிற்சியாகச் செய்வதும். வெறும் நடை விழுவதைக் குறைக்கும் என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே நடக்கிறவர்கள் நடையை விட வேண்டாம். அதோடு வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், கீழே சொல்லும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்பவர் பெரியவராகவும் இருக்கலாம், பிள்ளையாகவும் இருக்கலாம். பயிற்சி செய்யப்போகிறவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தசை ஏன் கரைகிறது

முப்பது வயதைத் தாண்டியதும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறையும் என்பதால், கால் பார்க்கப் பழையபடியே இருக்கும், எழுந்திருக்க மட்டும் முடியாது. இந்த நிலைக்கு மருத்துவர்கள் சார்கோபீனியா என்று 1989-லிருந்து பெயர் சொல்கிறார்கள்.

வயதைவிடப் பெரிய எதிரி சும்மா கிடப்பது. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. நம் வீடுகளில் ஒரு சிக்குன்குனியா காய்ச்சலுக்கோ, ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்கோ பத்து நாள் படுப்பது சாதாரணம். காய்ச்சல் போன பிறகும் "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்று பிள்ளைகள் அந்தப் படுக்கையை ஒரு மாதமாக நீட்டிவிடுவார்கள். அது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து நடக்கும் ஒரு வாய்ப்பு போகிறது. இதை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

போன பலம் திரும்பி வரும். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவமனை விடுதியில், தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கண்காணிப்போடு காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

முதலில் மருத்துவரிடம் ஒரு நடை

பெரும்பாலோர் பயமில்லாமல் ஆரம்பிக்கலாம். ஆனால் கடந்த ஒரு வருடத்தில் விழுந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், மூட்டு மாற்று அல்லது கண் அறுவை சிகிச்சை சமீபத்தில் செய்துகொண்டவர்கள் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

போகும்போது மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோங்கள். சித்த மருந்து, வலி மாத்திரை, கடையில் வாங்கிய தூக்க மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். தூக்க மாத்திரையும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரைகளும் விழுவதற்கு வழி செய்யும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்தை உட்கார்ந்தோ படுத்தோ ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது கண் இருட்டுவதற்குக் காரணம் அதுதான். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கை இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 65–69 வயதில் ஆண் 12-க்கும் பெண் 11-க்கும் குறைவாக எழுந்தால் பலம் குறைவு. 70–74-ல் ஆண் 12, பெண் 10. 75–79-ல் ஆண் 11, பெண் 10. 80–84-ல் ஆண் 10, பெண் 9. கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம். அதனால் மனம் தளர வேண்டாம், ஆரம்பப் புள்ளி அது என்று எழுதி வையுங்கள்.

அப்புறம் சமநிலை. சமையல் மேடைக்கு அருகில் நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரல் நுனியைத் தொடுகிற மாதிரி நேராக முன்னால் வையுங்கள். கை பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் விழும் அபாயம் கூடுதல்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் கெண்டைக்காலின் தடித்த இடத்தையும் அளக்கலாம். ஆசியர்களுக்கான 2019 வரையறையில் ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை இழப்பு இருக்கிறதா என்று மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறார்கள். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு ஏமாற்றிவிடும்.

எண்களை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

இடமும் நேரமும்

வீட்டிலேயே சிறந்த இடம் சமையலறை. மேடை அசையாது, இடுப்பு உயரத்தில் இருக்கும், பிடிக்க வாகானது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிருங்கள். மொசைக் தரையிலும் டைல்ஸிலும் அது பின்னால் வழுக்கிவிடும். தரை காய்ந்திருக்க வேண்டும். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், வேட்டியானால் மடித்துக் கட்டிவிடுங்கள். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பின்பக்கம் பட்டி வைத்த, நன்றாகப் பிடிக்கிற செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளட்டும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். காலை டிபன் முடித்து ஒரு மணி நேரம் கழித்து என்பது பலருக்கும் ஒத்துவருகிறது. முதல் இரண்டு வாரம் வீட்டில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள்.

மூச்சை அடக்காதீர்கள். "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

உட்கார்ந்து எழுதல்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கழிப்பறையிலிருந்து எழுவது, கட்டிலிலிருந்து எழுவது, ஆட்டோவிலிருந்து இறங்குவது எல்லாவற்றுக்கும் இதே தசைகள்தான் வேண்டும்.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள். பலரும் சிரமப்படுவது இந்த இடத்தில்தான். பாதத்தை முன்னால் நீட்டிவைத்துக்கொண்டே எழப் பார்ப்பார்கள், உடம்பு பின்னால் இழுக்கும், கை தானாக நாற்காலியைத் தேடும். இப்போது மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே வருகிற அளவுக்கு முன்னால் சாயுங்கள். இருக்கையிலிருந்து எடை தானாகவே பாதத்துக்கு வந்துவிடும். பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். முழுசாக நிமிர்ந்து ஒரு மூச்சு நில்லுங்கள்.

இறங்கும்போதுதான் பாதி வேலை இருக்கிறது. மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று உட்கார்ந்தால் தசைக்கு அந்த வேலை கிடைக்காது, முதுகெலும்புக்கும் அடி.

கையில்லாமல் எழவே முடியவில்லையா? ஜமக்காளத்தை நான்காக மடித்து இருக்கையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இதுவே வழி. வாரம் போகப் போக ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை.

5 முதல் 8 முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு சுற்று. 10 முறை லகுவாக வந்துவிட்டால் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். ஒரு சுற்றின் கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கஷ்டமாக இருக்க வேண்டும். மென்மையான பயிற்சி என்றால் நிதானமான, பத்திரமான பயிற்சி. தசைக்கு வேலையே தராத பயிற்சி எத்தனை மாதம் செய்தாலும் பலம் வராது.

மேடையைப் பிடித்துக்கொண்டு செய்பவை

குக்கர் விசில் வருவதற்குள் இவற்றை முடித்துவிடலாம். ஒவ்வொன்றும் 10 முறை.

இரண்டு குதிகாலையும் தூக்கி விரல் நுனியில் நின்று மெதுவாக இறங்குங்கள். அப்புறம் குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்குங்கள். இந்த இரண்டாவது அசைவு சின்னதாகத் தெரியும், ஆனால் நிலைப்படியிலும் மிதியடி ஓரத்திலும் கால் விரல் தட்டாமல் இருப்பது அந்த முன்கால் தசையால்தான்.

மேடையைப் பார்த்து நின்று, விரல் முன்னால் பார்த்தபடி ஒரு காலைப் பக்கவாட்டில் விரித்து இறக்குங்கள். உடம்பு மறுபக்கம் சாயக் கூடாது. பிறகு மேடையோடு பக்கவாட்டில் நான்கு அடி போய், நான்கு அடி திரும்புங்கள். இடுப்பின் பக்கத் தசைகளுக்கு இது. பக்கவாட்டில் விழும்போதுதான் இடுப்பெலும்பு அதிகம் முறிகிறது.

கைகளுக்குச் சுவர் போதும். ஒரு கை தூரத்தில் நின்று உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி முன்னால் போய்த் தள்ளி வாருங்கள்.

நிலைகொள்ளும் பயிற்சி

இதை எல்லோரும் தவிர்ப்பார்கள், பயமாக இருப்பதால். எல் வடிவ மேடையின் மூலையில் நின்றால் இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்கும், பயம் குறையும்.

முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்பது. அடுத்தது ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து நிற்பது. அதற்கடுத்து, அளந்து பார்த்தோமே, ஒன்றன் பின் ஒன்றாக நேர்க்கோட்டில். கடைசியாக ஒற்றைக் காலில். 10 விநாடி வந்தால் 20, பிறகு 30; அது வந்த பிறகே அடுத்த நிலை.

பிடிமானத்தையும் படிப்படியாகத்தான் விட வேண்டும். இரண்டு உள்ளங்கை, ஒரு உள்ளங்கை, இரண்டு விரல், அப்புறம் கை மேடைக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில். கணுக்கால் லேசாக நடுங்கும். நடுங்கட்டும், உடம்பு கற்றுக்கொள்வது அப்போதுதான். துளியும் ஆட்டமில்லை என்றால் நிலை மிகச் சுலபம் என்று அர்த்தம், அடுத்ததுக்குப் போங்கள். நன்றாகப் பழகிய பிறகு, குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி மேடையோரம் நடக்கலாம். நடந்துகொண்டே பேத்தியிடம் பேசலாம், தலையை இருபுறமும் திருப்பலாம். தெருவில் நமக்கு நடப்பது அதுதானே, ஒரே நேரத்தில் நடக்கிறோம், பேசுகிறோம், பின்னால் வரும் பைக்கைத் திரும்பிப் பார்க்கிறோம்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒடாகோ பயிற்சித் திட்டமும் இதே பாதையில்தான் போகிறது. வீட்டில் வாரம் மூன்று முறை அரை மணி நேரம் கால் பலமும் சமநிலையும், தனியாக வாரம் இரண்டு நாள் நடை. அதைச் சோதித்த ஆய்வுகளில் விழுதல் 35 சதவீதம் குறைந்தது.

தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் இன்னும் இருக்கிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். பூஜை அறையிலோ கீரை ஆயும்போதோ தரையில் உட்காருங்கள். எழ ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. மூட்டு மாற்று செய்தவர்கள் மட்டும் அறுவை மருத்துவரைக் கேட்டுவிட்டு.

மறுநாள் தொடை கனமாக, லேசாக வலியோடு இருப்பது இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாடு

பயிற்சி மட்டும் போதாது, தசை கட்டப் புரதமும் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினசரிப் புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 55 கிலோ உள்ள அம்மாவுக்கு 55 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் கஞ்சி என்று ஓட்டினால் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஊறவைக்கும் முன் 50 கிராம் எடையுள்ள கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 10 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. பல் இல்லாதவர்களுக்குப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம், தயிர் கொடுக்கலாம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்கிற அளவுக்கு மேல் போகக் கூடாது.

வீட்டில் மாற்ற வேண்டியவை

இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்ட, அரைத்தூக்கத்தில் எழுந்து, விளக்குப் போடாமல் குளியலறைக்குப் போகிற அந்தப் பத்து அடிதான் வீட்டிலேயே மோசமான இடம். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு நில்லுங்கள். வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு எப்போதும் எரியட்டும். வழியில் கிடக்கும் பழைய புடவை மிதியடியை எடுத்துவிடுங்கள். குளியலறை நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். சுவரில் பிடிகம்பி பதியுங்கள். துண்டு போடும் கம்பியும் குழாயும் உடம்பு எடையைத் தாங்காது. குளிக்க, ரப்பர் அடி வைத்த ஸ்டூல். உள்தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைக்கப் பழகுங்கள்.

விழுந்துவிட்டால்

உடனே எழப் பார்க்க வேண்டாம், யாரும் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பிலோ தொடையிடுக்கிலோ கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிவது, தலையில் அடி, இவற்றில் ஏதாவது இருந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், தலையில் லேசாகப் பட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

அடி இல்லை என்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கை ஊன்றி, கை கால்களில் தவழும் நிலைக்கு வாருங்கள். அசையாத நாற்காலி ஒன்றிடம் தவழ்ந்து போய், இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் பதித்து, அதை அழுத்தி எழுந்து திரும்பி உட்காருங்கள். விழாத நாளிலேயே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, மெத்தை விரித்து இதைப் பழகி வையுங்கள்.

காயமில்லாமல் விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்கிறவர்கள் அதிகம். "இனி வெளியே போகாதே" என்பார்கள் என்ற பயம்தான் காரணம். பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் விஷயம் வெளியே வரும். பயந்து உட்கார்ந்துவிட்டால் தசை இன்னும் குறையும், அடுத்த முறை விழுவது இன்னும் சுலபமாகிவிடும். அதனால் இரண்டு மூன்று நாளில், முதல் நிலையிலிருந்து, இரண்டு கையும் மேடையைப் பிடித்தபடி பயிற்சியை மறுபடி தொடங்குங்கள். தமிழ்நாட்டில் வெளியே போய்வர முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, எப்படி விழுந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். கால் தடுக்கியதா, எழுந்தவுடன் கண் இருட்டியதா, எப்படி விழுந்தோம் என்ற நினைவே இல்லையா? கடைசியாகச் சொன்னது மயக்கமாக இருக்கலாம். அதற்கு இதயத் துடிப்பைச் சோதிக்க வேண்டும், அந்த முடிவு வரும் வரை பயிற்சியைத் தள்ளி வையுங்கள்.